புலோர் கொடுத்த கூரை

அந்த வருஷம் கத்தாகுர்கான் ஊரின் யூதத் தெருவில் யார் வீட்டுக் கதவு தட்டப்பட்டாலும் உள்ளே இருப்பவர்கள் முதலில் செத்தவர்களைப் போலக் கிடந்து பார்ப்பார்கள். தட்டியவர் போகவில்லையென்றால் நோயாளிகளைப் போல முனகிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்குவது. தட்டுகிறவர்கள் யார் என்று தெருவில் திரியும் கழுதைக்குக்கூடத் தெரியும். ஜெபக்கூடம் கட்ட வசூலுக்கு அலையும் தேநீர்க்கடை யோஷுவோவும், பருத்தித் தரகன் ரஃபோயேலும்தான். யோஷுவோ ஒல்லி, ரஃபோயேல் பருமன். ஒருவன் கதவிடுக்கில் நுழைவான், மற்றவன் கதவை மூடவிடாமல் நிற்பான். வசூலுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி சமர்கந்து வரைக்கும் தேடினாலும் அகப்படாது.

தெரு அதுவரைக்கும் ஒரு பட்டுக்கூட்டுக் கிடங்கில்தான் வாடகைக்குத் தொழுதுவந்தது. ஒரு பக்கம் வேதச்சுருள் வைக்கும் பேழை, மறுபக்கம் மச்சு முட்டக் கூட்டு மூட்டைகள். ஆண்கள் உள்ளே நிற்பார்கள். பெண்கள் முற்றத்தில், வெயிலானாலும் பனியானாலும் வானத்துக்குக் கீழே. ஒரு உபவாச நாளில் ஆண்களின் மூச்சுச் சூட்டில் மூட்டைக்குள் ஒரு புழுவுக்கு விழிப்பு வந்து, அது ஊர்ந்துபோய், தொழுகை நடத்தும் முல்லோ சவுலுனின் தாடியில் கூடு கட்டிவிட்டது. அவர் அசையாமல் நின்று தொழுகையை முடித்தார். அந்தப் பட்டில் அவர் மனைவி ஒரு தலைக்குட்டை நெய்துகொண்டாள் என்றெல்லாம் சொல்வார்கள். தலைக்குட்டையைப் பார்த்தவர்கள்தான் யாருமில்லை.

ஜாரின் அதிகாரியிடம் நடையாய் நடந்து சொந்தக் கூடத்துக்கு அனுமதி வாங்கினார்கள். அதில் ஒரு கொக்கி இருந்தது. முதல் பனி விழுவதற்குள் கூரை ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் அனுமதி செல்லாது, சுவரையும் இடித்துவிட வேண்டியதுதான்.

பிறகு தெரு கொடுக்க ஆரம்பித்தது. கொடுப்பதில் அந்தத் தெருவுக்கு ஒரு வியாதி உண்டு. ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டில் இருமுவார்கள். வீட்டுக்கு வீடு செங்கல் அறுத்தார்கள். நாவிதன் கொத்தனார்களுக்கு இனாமாகச் சவரம் செய்து, கடைசியில் சவரம் செய்ய முகத்தில் முடியில்லாமல் புருவத்தில் கைவைத்தான். சாகக்கிடந்த பெரியவர் ஒருவர் கொடுக்க ஒன்றுமில்லாமல் தன் சாவைத் தள்ளிப்போட்டுக் கொடுத்தார். இழவு விழுந்தால் ஏழு நாள் தெருவே தரையில் உட்கார்ந்துவிடும், வேலை கெட்டுப்போகும் என்பது அவர் கணக்கு. கூரை ஏறின பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை, வெகுகாலம் இருந்தார்.

சுவர் எழும்பிவிட்டது. மரம்தான் இல்லை. ரயில்பாதை போடுகிறவர்கள் ஆற்றோரத்து நெட்டிலிங்கத்தையும் வாதுமையையும் அடியோடு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். சரஃப்சான் ஆற்றிலிருந்து காற்று குளிர்ந்து வர ஆரம்பித்துவிட்டது. மொட்டைச் சுவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. முதல் பனி உருகினால் பச்சை மண் கரைந்து தெருவோடு போகும்.

அந்தச் சுவர்களுக்கு நேர் எதிரே அவுரிச் சாயக்காரன் அம்னுனுடைய வீடு. அம்னுனுக்கு முழங்கைவரை நீலம். தாழியில் நூலை முக்கி முக்கி ஏறின நீலம் அது. கல்யாணத்துக்கும் போகாது, கருமாதிக்கும் போகாது. அவன் மனைவி புலோர். விடியுமுன் தாழிக்கு நெருப்பு மூட்டுவது அவள், நூலைப் பிழிந்து காயப்போடுவது அவள், ரொட்டி தட்டுவது அவள். கூடம் கட்ட ஆரம்பித்ததிலிருந்து இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது. எதிர்வீடு என்பதால் கொத்தனார்களுக்கு ஆக்கிப் போடுவதும் அவள்தான். கொத்தமல்லியை நறுக்கிப் போட்டு, ஈரல் சேர்த்து, பையில் கட்டி வேகவைக்கிற பச்சைச் சோறு என்றால் அந்தக் கொத்தனார்களுக்கு உயிர். சோறு ருசியாக இருந்ததால்தான் சுவர் மெதுவாக எழும்பியது என்று ஒரு பேச்சும் உண்டு.

வாரந்தோறும் வரும் ஓய்வுநாளான சாபத் அன்று முல்லோ மேடையிலிருந்து, கொத்தனார்களுக்கு அன்னமிட்ட சாயக்கார அம்னுன் நீடூழி வாழ்க என்று ஆசீர்வாதம் சொல்வார். அம்னுன் வெட்கப்பட்டு நீலக் கையால் முகத்தை மூடிக்கொள்வான். முற்றத்தில் நிற்கும் புலோர் அந்த நேரத்தில் கண்ணை மூடி நின்றபடியே கொஞ்சம் தூங்கிக்கொள்வாள். அவளுக்குக் கிடைத்த தூக்கம் பெரும்பாலும் அப்படி நின்றும் நடந்தும் கிடைத்ததுதான்.

அவர்கள் வீடு ஒரே அறை, அதில் பாதியைத் தாழிகள் அடைத்திருந்தன. ஆனால் கூரை மட்டும் அந்தத் தெருவிலேயே பெரிய கூரை. அம்னுனுடைய முன்னோர் யாரோ மலையிலிருந்து இறக்கிய அர்ச்சா மரத்து உத்தரங்கள். உளுக்காது, வளையாது. அதைத் துளைக்கப் போன வண்டுகள் பல் உடைந்து திரும்பி, போகும் வழியில் அடுத்த வீட்டு நெட்டிலிங்கத்தைத் தின்று பசியாறின.

மகள் மசோலை சமர்கந்தில் கொடுத்திருந்தார்கள். மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதை மாற்ற ஜாராலும் முடியாது. அவள் மாமியாரோ வாய் நிறையக் கருக்கரிவாள் வைத்திருப்பவள். "ஒத்த அறை, அதுல பாதி சாயத் தாழி. என் பேரன் நீலமாப் பொறந்தா யாரு பொறுப்பு?" என்று வண்டிக்காரன் மூலம் சொல்லி அனுப்பினாள். புலோரும் அதே வண்டிக்காரனிடம், எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து இதுநாள்வரை ஒரு சொட்டு விழுந்ததில்லை, உங்கள் வீட்டில் மழைக்கு எத்தனை சட்டி வைக்கிறீர்கள் என்று விசாரித்து அனுப்பினாள். புலோருக்குப் பெருமை பேசிக்கொள்ள இருந்தது அந்தக் கூரை ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் யோஷுவோவும் ரஃபோயேலும் வந்தார்கள். அந்த வாரத்தில் எத்தனையாவது தடவை என்று புலோர் நினைத்துப் பார்க்கவில்லை. செத்தவளைப் போலக் கிடக்கவும் அவளுக்கு நேரமில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கதவும் திறந்தே கிடந்தது. அம்னுன் தாழிக்குமேல் குனிந்தவன் நிமிரவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து தேநீர் வாங்கிக்கொண்டார்கள். காற்று திரும்பிவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். டர்னிப் விலையைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு எங்கே போனாலும் ரஃபோயேலின் கண் மட்டும் அண்ணாந்தே இருந்தது.

"நல்ல உத்தரம் மதினி. இந்தக் காலத்துல இப்படிக் கட்டை எங்க கெடைக்குது."

"தேத்தண்ணி ஆறுது," என்றாள் புலோர்.

யோஷுவோ இருமிக்கொண்டான். "மசோல் எப்ப வாரா?"

"பனிக்கு முந்தி."

"நல்லது, நல்லது. பனிக்கு முந்தி எல்லாமே முடிஞ்சிரணும்."

ரஃபோயேல் மறுபடியும் அண்ணாந்தான். சும்மா பார்க்கிறவன் பார்வையாக இல்லை, வாய்க்குள் எண்ணி நீளம் அளந்துகொண்டிருந்தான். புலோர் மாவிலிருந்து கையை எடுத்தாள். முதல்நாள் இரவு கொத்தனார்களுக்கு வயிறு சரியில்லை என்று இரண்டு தடவை கஞ்சி காய்ச்சியிருந்தாள். இடுப்பு இற்றுப்போயிருந்தது.

"இங்க பாருங்க கொழுந்தனாரே. செங்கல் அறுத்தாச்சு. மண்ணு மிதிச்சாச்சு. ஆக்கிப் போடுதேன். தாழிக்கு வச்சிருந்த வெறகைக் கொத்தனாரு குளிர் காயக் குடுத்தாச்சு. இன்னும் இந்த வீட்டுல என்ன இருக்கு? மேலேயே பாத்துக்கிட்டு இருக்கீகளே, அதையும் பிரிச்சுக் கொண்டுபோங்க. கூரையையும் கடவுளுக்கே குடுத்துட்டேன்னு வச்சுக்கோங்க. நான் வானத்தப் பாத்துப் படுத்துக்கிடுதேன்."

"ஆமென்," என்றான் யோஷுவோ.

அவன் கெட்டவன் இல்லை. நாக்குப் பழக்கம் அது. கடவுள் என்ற சொல் எங்கே முடிந்தாலும் அவன் நாக்கு ஆமென் போடும். சந்தையில் சண்டைக்காரர்கள் ஒருவரையொருவர் கடவுள் பெயரால் சபித்துக்கொண்டபோதும் நடுவில் நின்று ஆமென் சொல்லி இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறான். ஆனால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ஜெபக்கூடத்துக்கு என்று ஒரு பொருளைச் சொல்லி, இரண்டு பேர் காதில் விழுந்து, அதன்மேல் ஓர் ஆமெனும் விழுந்துவிட்டால், அந்தப் பொருள் அதற்குமேல் சொன்னவருடையது இல்லை. தூக்கிக்கொண்டு போவதுதான் பாக்கி.

யோஷுவோ வாயைப் பொத்திக்கொண்டான். தாழிக்குள்ளிருந்து அம்னுனுடைய கை மெதுவாக வெளியே வந்தது, நூல் இல்லாமல். ரஃபோயேல்தான் முதலில் எழுந்தான். உலகம் உண்டானதிலிருந்து அந்த வீட்டில் இரண்டாவது கோப்பை குடிக்காமல் யாரும் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

பொழுது சாயுமுன் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சாயக்காரன் பெண்டாட்டி கூரையைக் கொடுத்துவிட்டாளாம். எரிச்சலில் சொன்னது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த சாபத்தில் முல்லோ சவுலுன் மேடையில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸெவர் மகள் புலோர், தன் வீட்டுக் கூரை, என்று மட்டும் சொன்னார். ஆசீர்வாதத்தை எப்படி முடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. முற்றத்தில் புலோர் அன்று தூங்கவில்லை.

மறுநாளிலிருந்து வியாதி முற்றியது. மரமே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் வீட்டிலிருந்தெல்லாம் மரம் வந்தது. ஏணி வைத்திருந்தவன் ஏணியைக் கொடுத்தான். வண்டி வைத்திருந்தவன் நுகத்தடியைக் கழற்றினான். மருத்துவச்சி இஸ்தாம் வாசல்நிலையை உருவிக் கொடுத்துவிட்டு வாசலில் ஒரு கம்பளத்தைத் தொங்கவிட்டாள். கதவு, தறிக்கட்டை, ரொட்டிப் பலகை, ஒரு கிழவரின் ஊன்றுகோல்கூட வந்தது. கிழவர் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போக முடியாமல் சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சொன்னது ஒன்றைத்தான். கூரையே கொடுத்திருக்கிறாள், இதைக் கொடுக்க நமக்கென்ன கேடு.

புலோரின் வீட்டுக்குள்ளோ வேறு கதை. மசோல் வந்து இறங்கிவிட்டாள். கால் வீங்கி, கன்னம் வெளுத்து, தாழிகளுக்கு நடுவே மெத்தையில் படுத்துக்கொண்டு, பிரியப்போகிற கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அம்னுன் சாப்பிடுவதில்லை. ஒரு கட்டத்தில் அழுதான். கண்ணைத் துடைத்ததில் கண்ணைச் சுற்றியும் நீலமாயிற்று.

"மசோல் அம்மா, ஒரு நடை முல்லோகிட்ட வா. சொன்ன சொல்லை அவுக்கிறதுக்கு வழி இருக்காம். மூணு பேரு உக்காந்து கேப்பாகளாம். தெரியாமச் சொல்லிட்டேன்னு சொன்னாப் போதுமாம்."

"ரொட்டி அடுப்புல இருக்கு."

"ரொட்டிய நான் பாத்துக்கிடுதேன்."

"பாத்தா நீலமாயிரும்," என்றாள் புலோர். ஆனாலும் தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

கிடங்கில் கூட்டு மூட்டைகளுக்கு எதிரே முல்லோ நடுவிலும், இருபக்கமும் யோஷுவோவும் ரஃபோயேலும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேருக்குமே அவளை விட்டுவிட வேண்டும் என்றுதான். ரஃபோயேலுக்கு மட்டும் உத்தரங்களை நினைத்துக் கொஞ்சம் துக்கம். முல்லோவுக்கு வயது ஆகிவிட்டது. அனுமதிக்கு நடந்த நடையில் முழங்கால் போய்விட்டது. அவர் ஒரு வருஷமாக எல்லோரிடமும் சமாதானம் பேசிக்கொண்டிருந்த மனிதர். புலோர் அந்தக் கிடங்குக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கதகதப்பாக இருந்தது. இத்தனை வருஷமும் உள்ளே இவ்வளவு சூடாகவா இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

"புலோர், கேக்குறதுக்குப் பதில் சொன்னாப் போதும்," என்றார் முல்லோ. "அன்னைக்கு எரிச்சல்ல சொன்னதுதானே?"

"ஆமா. எரிச்சல்லதான் சொன்னேன்."

யோஷுவோவின் தோள் இறங்கிற்று. ரொட்டியை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற அம்னுன் வெளியே கேட்கும்படி மூச்சு விட்டான்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டே. மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மூணு பேரும் விடுதலைன்னு சொல்லிருவோம். நீ வீட்டுக்குப் போயி அடுப்பப் பாரு."

புலோர் வாயைத் திறந்தாள். சொல்லவேண்டிய வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. அடுப்பைப் பாரு என்ற பேச்சு காதில் விழுந்ததும் அது கொஞ்சம் உள்ளே போய்விட்டது. நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள்.

"முல்லோ ஐயா, நான் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதக் குடுக்கிறதுன்னு யாரும் நெனைக்கல. நானும் நெனைக்கல. கொத்தனாருக்கு நான் ஆக்கிப் போட்ட சோத்துக்கு இவுக பேரச் சொல்லி ஆசீர்வாதம் பண்ணினீக. இவுக வெக்கப்பட்டாக. இந்த ஒண்ணுக்குத்தான் என் பேரச் சொல்லிக் கேட்டேன். எங்கம்மா பேரையும் சேத்துச் சொன்னீக. அவ செத்தப்பறம் அந்தப் பேர ஒருத்தரு வாயில கேட்டது அன்னைக்குத்தான்."

ரஃபோயேல் தாடியைக் கோதிக்கொண்டான்.

"எரிச்சல்ல சொன்னது நெசம். வருத்தப்படுதியான்னு கேட்டா, இல்ல. வருத்தப்படுறதுக்கும் தெம்பு வேணும் ஐயா."

"அப்ப பிள்ளத்தாச்சிய எங்க படுக்கப் போடுவே?" என்றான் ரஃபோயேல். அவனுக்குக் குரல் கொஞ்சம் நடுங்கியது. வாங்க வந்தவன் கொடுக்கிறவளைத் தடுக்க வேண்டி வந்தால் யாருக்கும் நடுங்கும்.

"அது எங்க பாடு. கூரை எங்க ஏறணும்ங்கறத மட்டும் நான் சொல்லுதேன். பெரிய கூடத்துக்கு ஏணியும் நுகத்தடியும் தெரு குடுத்திருக்கு, அத வச்சு மூடிக்கோங்க. என் கூரை பொம்பளைக பக்கம்."

பெண்கள் பக்கம் என்று கட்டியிருந்தது மூன்று சுவர்தான். அது முற்றமாகவே இருக்கட்டும் என்று முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

"பொம்பளைகளுக்கு முற்றம் போதாதா மதினி? எங்கம்மா முற்றத்துல நின்னுதானே தொழுதா."

"உங்கம்மா எதுல போனாக?"

ரஃபோயேல் யோசித்தான். "நெஞ்சுச் சளியில."

முல்லோ கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று யோஷுவோ குனிந்து பார்த்தான். கொடுக்கிறவர்கள் இடத்தையும் சேர்த்துச் சொல்லலாம், பொருள் மேலே ஏறின பிறகுதான் அது பொதுவாகிறது என்று கண்ணைத் திறக்காமலேயே முல்லோ சொன்னார். அன்று சாயங்காலம் ரஃபோயேல் வீட்டில் ஒரே சத்தம். புதிதாகக் கட்டின முன்கூடத்துத் தூண்களை ஜெபக்கூடத்துக்குக் கொடுக்க அவனே ஆள் வைத்துப் பெயர்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கேட்டதற்கு, இருமல் வருகிறது, பேச முடியவில்லை என்றானாம்.

கூரை பிரிக்கிற நாளில் தெருவே ஏறி நின்றது. முன்னோர் போட்ட மண்ணும் நாணலும் சரிந்து, புழுதி எழும்பி, அன்று ஊரில் சூரியன் மத்தியானமே மறைந்துவிட்டது. கோழிகள் கூண்டுக்குப் போய்விட்டன. உத்தரங்களைத் தோளில் வைத்துத் தெருவைக் கடந்தபோது யாரும் கத்தவில்லை, பிணம் தூக்குகிற மாதிரிக் காலை எட்டிப்போட்டு நடந்தார்கள். புலோர் போய்ப் பார்க்கவில்லை. தூக்குகிறவர்களுக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு மேலே அம்னுன் நாணல் பாயையும் பழைய கம்பளிகளையும் இழுத்துக் கட்டினான். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். மனசாரத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் கதவு இருந்த வீட்டில் நிலை இல்லை, நிலை இருந்த வீட்டில் கதவு இல்லை. தெரு முழுக்க ஒரே காற்று, ஒரு முனையில் நுழைந்து எல்லா வீட்டிலும் நலம் விசாரித்துவிட்டு மறுமுனையில் வெளியேறியது.

"அம்மா, நான் சமர்கந்துக்கே திரும்பிப் போயிரட்டா?" என்றாள் மசோல். கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது.

"போனா உங்க மாமியா பாட்டுக் கட்டிருவா. படு."

"மேல ஆடுதும்மா."

"ஆடுறது பாயி. நீ ஆடாமப் படு."

சொல்லிவிட்டுப் புலோர் தாழிக்குப் பின்னால் போய் நின்றாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். அம்னுன் பார்த்தும் பார்க்காதவன்போல நூலை முக்கிக்கொண்டிருந்தான். தாழிக்கடியில் நெருப்பில்லை, வெறும் குளிர்ந்த தண்ணீரில்தான் முக்கிக்கொண்டிருந்தான்.

எதிரே இரண்டு கூரையும் ஏறின. பெரிய கூடத்துக் கூரை பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஏணி ஏணியாகவே கிடந்தது, நுகத்தடி நுகத்தடியாகவே. தொழுகையில் கவனம் சிதறுகிறவர்கள் அண்ணாந்து தங்கள் வீட்டுச் சாமானைத் தேடிக்கொள்ள வசதி. பெண்கள் பக்கத்தில் மட்டும் அர்ச்சா உத்தரங்கள் வரிசையாக, கரிய மினுமினுப்போடு படுத்திருந்தன. அதிகாரியின் ஆள் வந்து பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அந்த வெள்ளிக்கிழமை மாலையே முதல் சாபத் தொழுகை என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் பனி கொட்ட ஆரம்பித்தது. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த விருந்தாளி மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாற்போல ஒரே மூச்சாக வந்தது. மசோலுக்கு இடுப்பு வலியும் அப்போதுதான் எடுத்தது. இஸ்தாம் வந்து வயிற்றில் கைவைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே பாய் தொங்கியது, தொப்பை போட்டது, பிய்ந்தது. ஒரு வண்டிப் பனி நேராகத் தாழிக்குள் விழுந்து நீலமாயிற்று. மசோல் கத்தவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

புலோர் அவளை மெத்தையோடு சுருட்டி எழுப்பினாள். ஒரு பக்கம் இஸ்தாம், மறுபக்கம் புலோர். அம்னுன் பின்னால் ஒரு வாளி வெந்நீரோடு. தெருவைக் கடந்தார்கள்.

ஜெபக்கூட வாசலில் ரஃபோயேல் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, கையை விரித்து வாசலை அடைத்தான். அடைப்பது அவனுக்குச் சிரமமான காரியமும் இல்லை.

"மதினி, இன்னைக்கு மொதல் சாபத்."

"தெரியும்."

"உள்ள பிரசவமா? இதுக்குள்ளயா?"

"தலைப்பிரசவம் தாய் வீட்டுக் கூரைக்குக் கீழதான் கொழுந்தனாரே. என் கூரை இங்க இருக்கு. நகருங்க."

ரஃபோயேல் உள்ளே திரும்பி முல்லோவைப் பார்த்தான். முல்லோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். மசோலுடைய முகத்தைப் பார்த்தார். பனியைப் பார்த்தார்.

"மொதல் தொழுகை நடக்குற வரைக்கும் இது மண்ணும் கட்டையுந்தான். வெளக்கேத்த இன்னும் நேரங் கெடக்கு," என்றார். பிறகு இஸ்தாமிடம், "ஏம்மா, பொழுது சாயுறதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"அத உள்ள இருக்கிறதுட்டதான் கேக்கணும்," என்றாள் இஸ்தாம்.

ரஃபோயேல் நகர்ந்தான். நகர்ந்ததோடு விரித்த கம்பளத்தையும் சுருட்டி உள்ளே கொடுத்தான், கீழே போட்டுக்கொள்ளச் சொல்லி.

அதற்குப் பிறகு ஆண்கள் தெருவில் பனியில் நின்றார்கள். பெண்கள் கூரைக்குக் கீழே இருந்தார்கள். அந்தத் தெருவில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கால் விறைத்தவர்கள் மாற்றி மாற்றிக் குதித்தார்கள். யோஷுவோ கடையிலிருந்து தேநீர் கொண்டுவந்தான். கெண்டியிலிருந்து கோப்பைக்கு இறங்குவதற்குள் அது உறைந்து குச்சியாகிவிட, கடித்துத்தான் தின்றார்கள். புலோர் உள்ளே மகளின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

சூரியன் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நேரத்தில் குழந்தை அழுதது. பெண். நீலமாக இல்லை, சிவப்பாக, கோபமாக இருந்தது. சமர்கந்துச் சம்பந்திக்குச் சொல்லி அனுப்ப இரண்டு செய்திகள் ஆயிற்று, நீலமும் இல்லை, பேரனும் இல்லை.

இனி தாயையும் பிள்ளையையும் இந்தப் பனியில் எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று ரஃபோயேல் கேட்டான். தொழுகை ஆரம்பித்துவிட்டால் அவர்கள் உள்ளே இருக்கலாமா என்றும் கேட்டான். பிறந்திருப்பது பெண், இருப்பது பெண்கள் பக்கம், இதில் என்ன தப்பு கண்டாய் என்று முல்லோ திருப்பிக் கேட்டார்.

புலோர் துணிகளை அலசிப் பிழிந்தாள். மகளுக்கு வெல்லம் போட்ட பால் கொடுத்தாள். கம்பளத்தை இழுத்து இரண்டு பேருக்கும் போர்த்தினாள். பிறகு, கொஞ்சம் முதுகைச் சாய்ப்போம் என்று சுவரோரம் உட்கார்ந்தாள். சாய்ந்தவள் அப்படியே சரிந்து, ஈரக் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

விளக்கேற்றினார்கள். ஆண்கள் காலில் ஒட்டிய பனியை உதறிவிட்டு உள்ளே வந்து நின்றார்கள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு சொந்த இடம். முல்லோ நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். அவருக்குக் குரல் பெரிய குரல். அவர் பாட்டைத் தொடங்கினால் ஆற்றுக்கு அக்கரையில் ஒட்டகங்கள் எழுந்து நிற்கும். அப்போது பெண்கள் பக்கத்தை மறைத்துக் கட்டியிருந்த திரைக்குப் பக்கத்தில் நின்ற அம்னுன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, நீலக் கையைத் தூக்கிக் காட்டினான்.

"தூங்குறா," என்றான்.

முல்லோ இழுத்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார். "அப்ப மெதுவா," என்றார்.

ஜார் அனுமதித்து, அதிகாரி தலையாட்டி, தெருவே கதவு நிலையெல்லாம் பெயர்த்துக் கட்டின அந்தக் கூடத்தின் முதல் தொழுகை அப்படிக் கிசுகிசுப்பாக நடந்து முடிந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன. இருமல் வந்தவர்கள் வெளியே பனிக்குள் போய் இருமிவிட்டு வந்தார்கள். போகும்போது ஒவ்வொருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுதில், ராத்திரி முழுக்கத் தணலில் வெந்த சாபத் சோற்றின் வாசனை மூக்கில் ஏறித்தான் புலோர் கண் விழித்தாள். பதறி எழுந்து அடுப்பைத் தேடினாள். சோற்றை வேறு யாரோ ஆக்கியிருந்தார்கள்.